விட்டுவைத்தால் வராது பிரெய்ரி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் ‘பிரெய்ரி மாநிலம்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் அங்கே சுமார் 2.2 கோடி ஏக்கரில் ஆளை மறைக்கும் பிரெய்ரிப் புல்வெளி பரந்து கிடந்தது. ஏர் படாமலும் தரம் கெடாமலும் இன்று அதில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2,500 ஏக்கர்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்து மாநிலமான அயோவாவிலும் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 1837இல் இல்லினாயின் கிராண்ட் டீட்டூர் என்ற சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். அதுவரை வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக்கொண்டு உழவர்களைப் பாடாய்ப் படுத்திய கரிய மண், எஃகில் ஒட்டாமல் புரண்டு விழுந்தது. இரண்டு தலைமுறை போவதற்குள் புல்வெளி மக்காச்சோள வயலாகிவிட்டது. ஒரு காட்டை வெட்டினால் அடிமரங்களாவது கண்ணில் படும். புல்வெளி போனதற்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை. அதனால்தான் அந்த இழப்பை நினைத்து வருந்துவதற்கே ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இப்போது அந்தப் புல்வெளியின் ஒரு துண்டையாவது வீட்டு முற்றத்தில் திரும்ப வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பெருகிவருகிறது. மனதார வரவேற்க வேண்டிய ஆர்வம் இது. ஆனால், இதைச் சுற்றி இரண்டு எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. புல் வெட்டும் இயந்திரத்தை ஓரமாக நிறுத்தி நிலத்தை அதன்போக்கில் விட்டுவிட்டால் இயற்கை தானாகத் திரும்பிவிடும் என்பது ஆர்வலர்களின் எண்ணம். நாலைந்து சதுர மீட்டர் நிலத்தில் என்ன வளர்ந்து எதைக் காப்பாற்றிவிடப் போகிறது என்பது ஐயுறுவோரின் எண்ணம். இரண்டுமே தவறு. இல்லினாய் போன்ற மாநிலங்களில் பிரெய்ரி இன்று சின்னஞ்சிறு துண்டுகளாக மட்டுமே உயிரோடிருக்கிறது; அந்தத் துண்டுகளும் மனிதக் கை ஓயாமல் படுவதால்தான் பிழைத்திருக்கின்றன. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு தொடங்குபவரின் தோட்டம்தான் நிலைக்கும்.

முதல் எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் புல்தரையில் பெரும்பாலும் வளர்வது ‘கென்டக்கி புளூகிராஸ்’ என்ற புல். பெயரில் கென்டக்கி இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து வந்து பரவியது அது. பல தலைமுறைகளாக உழவும் கட்டடமும் கண்ட அந்த மண்ணில் பிரெய்ரிச் செடிகளின் விதை பெரும்பாலும் மிச்சமில்லை. வெட்டுவதை நிறுத்தினால் முளைப்பவை ஐரோப்பிய முட்செடிகளும், பறவைகள் எச்சத்தில் கொண்டுவந்து போடும் பக்தார்ன், ஹனிசக்கிள் போன்ற அந்நியப் புதர்களும்தான். சில ஆண்டுகளில் வெயில் புகாத புதர்க்காடு மூடிக்கொள்ளும். இல்லினாயில் மரம் வளரப் போதுமான மழை பெய்கிறது. அப்படியிருந்தும் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வெளி நீடித்ததற்குக் காரணம் தீ. பொட்டவாட்டமி, ஹோ-சங்க் முதலிய பூர்வகுடிகள் வேட்டைக்காகவும் இளம்புல் துளிர்ப்பதற்காகவும் புல்வெளிக்குத் திரும்பத் திரும்பத் தீ வைத்துவந்தார்கள். 1830ஆம் ஆண்டின் பூர்வகுடி வெளியேற்றச் சட்டமும் 1833ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும் பொட்டவாட்டமி மக்களில் பெரும்பாலோரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தின. அவர்கள் போனதோடு தீயும் போனது. கலப்பைக்குத் தப்பிய இடங்களில்கூட மரமும் புதரும் ஏறின. மனிதர் தொடாத இயற்கை என்று பிரெய்ரியைப் போற்றுவது, அதை உருவாக்கிக் காத்தவர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவதாகும்.

இது வெறும் ஊகமன்று. மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1934இல் ஒரு தாவரவெளியைத் திறந்தது. சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் அதன் ஆய்வுப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்தார். கைவிடப்பட்ட ஒரு பண்ணை நிலத்தில் மறுபடி பிரெய்ரியை எழுப்பும் வேலை அடுத்த ஆண்டுகளில் தொடங்கியது. பெரும் பொருளாதாரச் சரிவின்போது அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் வேர்க்கட்டியோடு செடிகளைப் பெயர்த்துவந்து நட்டார்கள். நட்டால் மட்டும் போதவில்லை. புளூகிராஸ் அவற்றை நெருக்கிக்கொண்டே இருந்தது. 1940களில் தாவரவியலாளர் ஜான் கர்ட்டிஸ் அங்கே நடத்திய எரிப்புச் சோதனைகள்தான் வழியைக் காட்டின. குளிர்பருவப் புல்லான புளூகிராஸ் இளவேனிலிலேயே துளிர்த்துவிடும். பிரெய்ரிச் செடிகள் அப்போதுதான் உறக்கம் கலையும். அந்த வேளையில் தீ வைத்தால் அடி முன்னதற்கு, வாய்ப்பு பின்னதற்கு. இன்று ‘கர்ட்டிஸ் பிரெய்ரி’ என்று அழைக்கப்படும் அந்த நிலத்தில் 80 ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியலாளர்களின் கவனிப்பு தொடர்கிறது. ஆனாலும், நகரத்து மழைநீர் வடிந்து வரும் பக்கத்தில் ரீட் கேனரி என்ற முரட்டுப் புல் இன்னும் படையெடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அறிவியலாளர்கள் சூழ்ந்து நிற்கும் நிலத்துக்கே இந்த நிலை என்றால், கைவிட்ட முற்றம் தானாகப் பிரெய்ரியாகும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் தொடங்குவது எப்படி? நடுவதிலிருந்து அல்ல, அழிப்பதிலிருந்து. நாளில் பாதிக்குமேல் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கிருக்கும் புல்தரையை வேரோடு சாகடிக்க வேண்டும். சிறிய இடம் என்றால் அட்டைப்பெட்டித் தாள்களைப் பரப்பி மேலே மக்கும் தழையைக் கொட்டி மூடலாம். கோடை முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி வெயிலில் வேகவிடலாம். பெரிய இடங்களில் களைக்கொல்லி தெளிப்பவர்கள்தான் அதிகம். எதைச் செய்தாலும் ஒரு வளர்பருவம் முழுக்கச் செய்ய வேண்டும். ஒருமுறை கொன்றதும் மண்ணுக்குள் காத்திருந்த அடுத்த வரிசை முளைக்கும். மண்ணைக் கிளறிப் புரட்டுவது பெரும் பிழை. ஆழத்தில் உறங்கும் களை விதைகளை அது மேலே கொண்டுவந்துவிடும். உரமும் வேண்டாம். ஊட்டம் கூடினால் அதை முதலில் உறிஞ்சிக் கொழுப்பது களைதான். பிரெய்ரி மண்ணை வளமாக்கியதே இந்தச் செடிகளின் வேர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் உர மூட்டை தேவைப்படாது.

விதைப்புக் காலம் நம் ஊர் ஆடிப் பட்டக் கணக்குக்கு நேர் எதிரானது. இலையுதிர் காலத்தின் கடைசியிலோ பனி விழுந்த பின்போ, வெற்று மண்ணின்மேல் விதையைத் தூவிவிடுகிறார்கள். பல பிரெய்ரி விதைகள் சில வாரங்கள் குளிரிலும் ஈரத்திலும் கிடந்தால்தான் முளைக்கும். இறுகி இளகும் மண்ணே விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சதுர அடிக்கு 40 முதல் 60 விதை என்பது பொதுவான அளவு. முற்றம் சிறிது, காத்திருக்கப் பொறுமை இல்லை என்பவர்கள் நாற்றங்கால்களில் கிடைக்கும் சிறு நாற்றுகளை வாங்கி நடுவது நல்லது. விதையில் தொடங்குபவர்களுக்கு முதல் ஆண்டு சோதனைக்காலம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் களையாகவே இருக்கும். பிடுங்கத் தோன்றும், பிடுங்கினால் பக்கத்திலிருக்கும் இளநாற்றும் சேர்ந்து வந்துவிடும். அதனால், களை ஓர் அடி உயரம் வரும்போதெல்லாம் அரை அடிக்குக் குறைத்து வெட்டிவர வேண்டும். அதற்குக் கீழே பிரெய்ரி நாற்று விரலளவு உயரத்தில் நின்றபடி, தன் சக்தியை எல்லாம் வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புல்வெளிகளில் ஆழமான குழிகளை வெட்டி வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைந்தார். பிக் புளூஸ்டெம் புல்லின் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகிறது. காம்பஸ் பிளான்ட் செடியின் வேர் 4 மீட்டர் ஆழத்தைத் தொடுகிறது. புளூகிராஸ் வேர் சில அங்குலங்களோடு நின்றுவிடும். கோடையில் ஒன்று கருகவும் மற்றொன்று பூக்கவும் காரணம் இதுதான். முதலாண்டு உறங்கி, இரண்டாம் ஆண்டு தவழ்ந்து, மூன்றாம் ஆண்டு தாவும் என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே தோற்றுவிட்டதாக எண்ணி உழுதுபோட்டால், மண்ணுக்குள் வென்றுகொண்டிருந்ததை அழித்ததாகவே ஆகும்.

எந்த விதை என்பதில் காட்டும் கவனம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கடைகளில் ‘காட்டுப்பூக்கள்’ என்று வண்ணப்படம் போட்டு விற்கும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பவை ஐரோப்பியச் செடிகளும் ஒரே ஆண்டில் மடிந்துபோகும் செடிகளும். முதல் கோடையில் கண்ணைப் பறிக்கும். அடுத்த கோடையில் அந்த இடம் களைக்குச் சொந்தம். அவரவர் வட்டாரத்தில் சேகரித்து வளர்த்த விதையைத் தரும் நாற்றங்கால்கள் மத்திய மேற்கில் நிறையவே இருக்கின்றன. அங்கேயும் ஒரு பொறி உண்டு. பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் இரண்டும் விலை மலிவு, முளைப்பும் எளிது. சிறிய தோட்டத்தில் இவற்றைத் தூவினால் ஐந்தாறு ஆண்டுகளில் பூச்செடிகளை அமுக்கிவிட்டு ஆளுயரப் புல் மட்டும் நிற்கும். முற்றத்துக்கு ஏற்றவை இடுப்பளவோடு நிற்கும் லிட்டில் புளூஸ்டெம், சைட் ஓட்ஸ் கிராமா, பிரெய்ரி டிராப்சீட் போன்ற புற்கள். அவற்றுக்கிடையே ஊதாநிறக் கோன்ஃபிளவர், வைல்டு பெர்கமாட், பிளேசிங் ஸ்டார், பிரெய்ரி குளோவர், கடைசியாகப் பூக்கும் ஆஸ்டர் என்று இளவேனில் முதல் பனிவரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி கலக்க வேண்டும். பொன்னிறக் கோல்டன்ராடைப் பலர் ஒவ்வாமைக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். அது வீண்பழி. அதன் மகரந்தம் கனமானது, பூச்சிகளால்தான் பரவும். மூக்கில் ஏறித் தும்மவைப்பது அதே பருவத்தில் கண்ணுக்குப் படாமல் பூத்துக் காற்றில் மகரந்தத்தை இறைக்கும் ராக்வீட்.

தேனீக்கு எந்தப் பூவானால் என்ன, வெளிநாட்டுப் பூவிலும் தேன் இருக்கிறதே என்பது அடிக்கடி எழும் மறுப்பு. தேனை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பூச்சிகளின் வாழ்க்கை பூவில் தொடங்குவதில்லை, இலையில் தொடங்குகிறது. இலையைத் தின்னும் பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவை, எந்தத் தாவரக் குடும்பங்களோடு சேர்ந்து பரிணமித்தனவோ அவற்றின் இலையை மட்டுமே செரிக்கக் கூடியவை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு மில்க்வீட் இனத்துச் செடிகளைத் தவிர வேறு உணவில்லை. தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. மில்க்வீட் நம் எருக்கஞ்செடிக்கு உறவு. எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் மொனார்க்கின் பேரினத்தைச் சேர்ந்தது. 1999க்கும் 2010க்கும் இடையில் மத்திய மேற்கில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்துவிட்டதாக 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் வந்த பிறகு வயல் வரப்புகளுக்கிடையே அது பிழைத்திருக்க வழியில்லாமல் போனதே காரணம். மொனார்க்கை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினமாக அறிவிக்கலாம் என்று அமெரிக்க மீன்–வனவுயிர் துறை 2024 டிசம்பரில் முன்மொழிந்தது. பறவைகளுக்கும் இதுவே கணக்கு. வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நாட்டுத் தாவரங்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போன தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்ற சிறு பறவையால் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தது. குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு கிடைக்கவில்லை. புழுவுக்குத் தின்ன இலை இல்லை.

இங்கே ஒரு கடினமான கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மில்க்வீட்டை வயல்களிலிருந்து ஒழித்த அதே கிளைபோசேட் களைக்கொல்லியைத்தான் பிரெய்ரி நிலம் தயார்செய்யவும் பலர் தெளிக்கிறார்கள். இது முரண் இல்லையா? ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ஏக்கரில் தெளிப்பதையும், ஒரு துண்டு நிலத்தில் ஒரு பருவம் தெளித்து நிரந்தரமாக நிறுத்துவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்ற வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் வீட்டு முற்றத்தின் அளவுக்கு அட்டையும் வெயிலும் போதும். கூடுதலாக ஓராண்டு காத்திருந்தால் ஆகிற வேலைக்கு நஞ்சு தேவையில்லை என்பதே என் நிலைப்பாடு. பல ஏக்கர் நிலத்தை மீட்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களைக் குறைசொல்லும் தகுதி முற்றத்தில் தோட்டம் போடுபவர்களுக்கும் இல்லை.

இனி, சிறு நிலத்தால் என்ன ஆகும் என்ற ஐயம். பிரெய்ரி எங்கே தப்பிப் பிழைத்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். தண்டவாளத்துக்கும் வேலிக்கும் இடைப்பட்ட கீற்றுகளிலும், முதல் குடியேறிகளின் கல்லறைத் தோட்டங்களிலும்தான். இறந்தவர்களை மதித்து உழாமல் விட்ட மூலைகள் அவை. இல்லினாயின் லோடா ஊர்க் கல்லறையை ஒட்டிய பிரெய்ரி இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பிடம். தொடக்கத்தில் அதன் பரப்பு சில ஏக்கர்களே. லியோபோல்ட் தம் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்த நூலில், ஒரு நாட்டுப்புறக் கல்லறை மூலையில் எஞ்சியிருந்த காம்பஸ் பிளான்ட்டைச் சாலைப் பணியாளர்கள் வெட்டிவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்ட துண்டுகளைத் தேடித் திரிந்த தாவரவியலாளர் ராபர்ட் பெட்ஸ், அங்கெல்லாம் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு கையால் விதை சேகரித்தார். சிகாகோவுக்கு மேற்கே ஃபெர்மி ஆய்வகத்தின் துகள் முடுக்கி வளையத்துக்குள் 1975இல் அந்த விதைகளைத் தூவியபோது தொடங்கிய நிலம் சில ஏக்கர். இன்று அது நூற்றுக்கணக்கான ஏக்கர்களாக விரிந்திருக்கிறது. பெரிய மீட்புகள் பலவற்றுக்கும் விதை, தோட்டமளவே இருந்த ஒரு துண்டிலிருந்துதான் வந்தது.

சிறு பரப்பு தரும் பயனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்காச்சோள, சோயா வயல்களில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பிரெய்ரிக் கீற்றுகளாக மாற்றினார்கள். 2017இல் வெளியான முடிவுகளின்படி, வயலிலிருந்து வழிந்தோடும் நீர் 37 சதவீதம் குறைந்தது. நிலத்தில் தங்கிய மண் 20 மடங்கு. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் மூன்றரை மடங்கு. பத்தில் ஒரு பங்கு நிலம், ஆனால் பலன் பத்தில் ஒரு பங்கு அல்ல. இதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1.6 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று 2005ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரிது அது. உண்ணவும் உதவாத, மேய்ச்சலுக்கும் விடாத இந்தப் புல்லுக்கு நீரும் உரமும் பெட்ரோலும் செலவாகின்றன. அதில் பத்தில் ஒரு பங்கு மாறினால் எவ்வளவு என்று கணக்குப் போடுவது கடினமில்லை. அதற்காக, முற்றத்துப் பிரெய்ரி எல்லாவற்றையும் மீட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். 1970க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. பாபோலிங்க் போன்ற பறவைகள் கூடு கட்ட இடையூறில்லாத பரந்த வெளி வேண்டும். எந்த முற்றமும் அதைத் தராது. பெரிய நிலங்களைக் காக்கும் போராட்டத்துக்கு முற்றத் தோட்டம் துணை நிற்குமே தவிர, அதற்கு ஈடாகாது.

புல்வெளியின் இழப்பைக் கண்டுகொள்ளாத குறுகிய பார்வை அமெரிக்காவோடு முடிவதில்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளைச் சூழ்ந்திருந்த புல்வெளியைப் பயனற்ற வெற்றுநிலமாகக் கண்டு சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளிகளில் ஏறக்குறைய கால் பங்கு இப்படி மரத்தோட்டமாகிவிட்டது. மரம் நடுவதே பசுமை என்று பள்ளியிலிருந்தே கற்றுக்கொண்ட நமக்கு, புல்லும் ஒரு முழுமையான உயிர்ச்சூழல் என்பது இன்னும் பழகவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கு இது புதராகத் தெரியும் என்ற மறுப்பை எள்ளி நகையாடுவது எனக்கு உடன்பாடில்லை. தெருவின் தோற்றத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. நேப்பர்வில், அரோரா போன்ற சிகாகோ புறநகர்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குடியிருப்போர் சங்கங்களின் புல் உயர விதிகள் நன்றாகவே தெரியும். நிலத்தோற்ற வடிவமைப்பு அறிஞர் ஜோன் நசாவர் 1995இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். உள்ளே எவ்வளவு அடர்ந்திருந்தாலும், ஓரத்தில் ஒழுங்காக வெட்டிய புல் விளிம்பு, ஒரு தாழ்ந்த வேலி, ஒரு பெயர்ப்பலகை இருந்தால், இது கைவிட்ட நிலம் இல்லை, யாரோ அக்கறையோடு பேணுகிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். உண்ணி வரும் என்ற அச்சத்துக்கும் இந்த வெட்டிய ஓரமே பெருமளவு தீர்வு. சட்டமும் மெல்ல இறங்கிவருகிறது. விஸ்கான்சினின் நியூ பெர்லின் நகரில் முற்றத்தைப் பிரெய்ரியாக்கிய ஒருவர்மீது நகராட்சி தொடுத்த வழக்கு 1976இலேயே தோற்றது. மேரிலாந்து 2021இல், மினசோட்டா 2023இல், இல்லினாய் 2024இல் நாட்டுச் செடித் தோட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தன. மினசோட்டாச் சட்டம் ஒரு படி மேலே போய், இயற்கைக்குத் திரும்பட்டும் என்று கவனிக்காமல் விடப்பட்ட புல்தரைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. திட்டமிட்டு, பராமரிக்கும் தோட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மிகச் சரியான வரையறை என்பேன்.

பராமரிப்பு என்பது ஆண்டுக்கு ஒருமுறையாவது வெட்டுவதோ எரிப்பதோ ஆகும். நகரத்தில் தீ வைக்க அனுமதி கிடைப்பது அரிது. பல இடங்களில் கிடைக்காது. அதற்குப் பதிலாக இளவேனில் தொடக்கத்தில் வெட்டிச் சருகை வாரி அகற்றினால் மண்ணில் வெயில் படும். முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். தண்டுக்குள்ளும் சருகுக்கடியிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகள் மறுபகுதியில் பிழைத்திருக்கும். வெட்டும் தண்டுகளையும் ஓரடி உயரம் விட்டு வெட்டினால் சில காட்டுத் தேனீக்கள் அதில் கூடு அமைக்கும். ஓர் ஆண்டு மறந்தால் பெரிதாகக் கெடாது. ஐந்தாண்டு மறந்தால் பக்தார்ன் ஏறிவிடும்.

ஆகவே, இந்தத் தோட்டங்களை ஊக்குவிக்கும் அரசுத் திட்டங்கள் பராமரிப்புக்குப் பணம் தர வேண்டும், விதைப்புக்கு மட்டும் தந்தால் போதாது. மினசோட்டா மாநிலம் 2019இல் தொடங்கிய ‘லான்ஸ் டு லெக்யூம்ஸ்’ திட்டம், புல்தரையைப் பூச்சிகளுக்கான வாழிடமாக மாற்றும் குடும்பங்களுக்குச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பாராட்டத்தக்க முயற்சி. இதைப் பின்பற்ற நினைக்கும் நகராட்சிகள் உதவித்தொகையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதியை நிலம் தயாரானதும் விதை வாங்கத் தரட்டும். மறுபாதியை மூன்றாம் கோடையில், அலுவலர் ஒருவர் நேரில் வந்து செடிகளை இனம்பார்த்துப் பட்டியலிட்ட பிறகு தரட்டும்.